ஒத்தச் செருப்போட வந்த பாட்டா: 76 வயசுல மைலோமா சிகிச்சை, ஒரு நிகழ்வு ஆய்வு

முதல்லயே சொல்லிடுறேன், இதுல பேரு, ஊரு, வீட்ட அடையாளம் காட்டுற எதுவும் இருக்காது, சில விவரத்த மாத்தியும் எழுதியிருக்கேன். குமரி மாவட்டத்துல குலசேகரம் பக்கம் மலையோர ஊருன்னு மட்டும் வச்சுக்கிடுங்க. நான் வீடு வீடா போயி பாக்குற ஒரு பாலியேட்டிவ் கேர் (நோயாளியோட வலியையும் கஷ்டத்தையும் குறைக்குற) டீம்ல நர்ஸ். இந்த கேஸ எழுதணும்னு தோணினதே பாட்டாக்க ஃபைல பாத்துதான். அரை கிலோ கனம் வரும். ரத்தம், எலும்பு மஜ்ஜை, எம் புரோட்டீன், கிட்னி எல்லாம் தேதி வாரியா அடுக்கி வச்சிருக்காங்க, ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா பாட்டா கைய ஊனாம நாற்காலியில இருந்து எந்திரிப்பாரா, ராத்திரி எத்தன தடவ வெளிய போறாரு, கடைசியா எப்ப வயிறு நெறைய தின்னாரு, இது ஒண்ணும் அதுல இல்ல. அந்த விட்டுப்போன பாதிய நாங்க ஒரு நாப்பது பக்க நோட்டுல எழுத ஆரம்பிச்சோம். சிகிச்சை நடுவுல அறுபடாம போனதுக்கு பெரும்பாலும் அந்த நோட்டுதான் காரணம்னு நான் நினைக்கேன்.

ஆளு யாரு, நோய் எப்படி தெரிஞ்சுது

அம்பது வருஷம் ரப்பர் பால்வெட்டு. விடியக்காலம் நாலு மணிக்கு நெத்தியில லைட்ட கட்டிக்கிட்டு தோட்டத்துல இறங்கி ஒரு நாளைக்கு முன்னூறு மரம் வெட்டுற மனுஷன், சிரட்டை நிமித்தி பாலெடுத்து ஷீட் அடிச்சு வீட்டுக்கு வரும்போது மதியம் ஆயிரும். சுகர் பன்னெண்டு வருஷமா இருக்கு, பிபி இருக்கு, ப்ராஸ்டேட்டுக்கும் ஒரு மாத்திரை. நடுமுதுகுல வலின்னு சொன்னப்போ வீட்டுல யாரும் பெருசா எடுக்கல, பால்வெட்டுக்காரனுக்கு முதுகு வலிக்கலன்னாத்தான் அதிசயம். பக்கத்துல ஒரு கிளினிக்ல வாரத்துக்கு ரெண்டு மூணு டைக்ளோஃபெனாக் ஊசி, கூடவே வலி மாத்திரை, இப்படியே நாலு மாசம். யாரும் ஒரு க்ரியாட்டினின் (கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற ரத்த டெஸ்ட்) எடுத்துப் பாக்கல.

ஊசி கேக்காம போனப்போ ஆசான்கிட்ட போனாரு. நம்ம மாவட்டத்துல முதுகு, முட்டு, சுளுக்குன்னா கால் தானா வர்ம வைத்தியர் வீட்டுப் பக்கம்தான் போகும், அத நான் குத்தமா சொல்லல. சொல்லப்போனா இந்த கேஸ்ல நோயக் கண்டுபிடிச்ச முதல் ஆளு அந்த ஆசான்தான். நட்டெல்ல மேல இருந்து கீழ வரை ஒரு விரலால தொட்டு வந்து, ஒரு இடத்துல பாட்டா துள்ளினதும் கைய எடுத்துட்டாரு. "இது எண்ண தேச்சு உழியுத முதுகு இல்ல கேட்டியளா, மொதல்ல போட்டோ எடுங்க." எக்ஸ்ரேல ரெண்டு முள்ளெலும்பு அமுங்கிப் போயிருந்தது. அன்னைக்கு அழுத்தி உழிஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைக்கவே எனக்கு வெப்றாளமா இருக்கு.

பெரிய ஆஸ்பத்திரிக்கு திருவனந்தபுரம் போனாங்க. நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு குழித்துறையில ரயிலேறினா அதுதான் பக்கம். மல்டிபிள் மைலோமான்னு சொன்னாங்க, ஒரு வகை ரத்தப் புத்துநோய். எலும்பு மஜ்ஜைக்குள்ள பிளாஸ்மா செல்லுன்னு ஒரு செல் இருக்கு, கிருமிய எதிர்க்க ஆன்டிபாடி செய்யுறது அதோட வேலை. அந்த செல் புத்து மாதிரி பெருகி ஒண்ணுக்கும் உதவாத ஒரே மாதிரி புரோட்டீன (அதுதான் எம் புரோட்டீன்) கொட்டிக்கிட்டே இருந்தா அதுதான் மைலோமா. எலும்ப அரிக்கும், ரத்தம் குறையும், கால்சியம் ஏறும், கிட்னிய அடைக்கும், நல்ல ஆன்டிபாடி குறைஞ்சு போறதால சளி காய்ச்சல் ஈசியா வந்து ஒட்டும். பாட்டாக்கு ஹீமோகுளோபின் 7.8, க்ரியாட்டினின் 2.1. மைலோமா ஒரு பக்கம் கிட்னிய கெடுக்கும்போது இன்னொரு பக்கம் வலி ஊசி வேற. மைலோமா உள்ள ஆளுக்கு டைக்ளோஃபெனாக் வகை வலி மருந்து ஆகவே ஆகாது, இத மட்டும் இந்தப் பக்கத்துல எல்லா வீட்டு சுவத்துலயும் எழுதி வைக்கலாம்.

சிகிச்சை இதுதான். வாரம் ஒரு நாள், புதன்கிழமை, வயித்துத் தோலுக்கு அடியில போர்டெசோமிப்னு மைலோமாவுக்கு உள்ள ஊசி. அதே நாள் டெக்ஸாமெத்தசோன் (டெக்ஸா) ஸ்டீராய்டு மாத்திரை 20 மில்லிகிராம், வயசு குறைஞ்சவங்களுக்கு 40 கொடுப்பாங்க, இவருக்கு வயசப் பாத்து பாதி. கிட்னி கொஞ்சம் தேறினதும் மைலோமாவுக்கே உள்ள லெனலிடோமைட் கேப்ஸ்யூல் குறைஞ்ச டோஸ்ல. ரத்தம் கட்டாம இருக்க ஆஸ்பிரின், அக்கி வராம இருக்க அசைக்ளோவிர், எலும்புக்கு சோலெட்ரானிக் ஆசிட் டிரிப். டிரிப் போடுறதுக்கு முன்னாடி பல் டாக்டர்கிட்ட அனுப்பி ஆடிக்கிட்டிருந்த ரெண்டு பல்ல எடுத்து புண்ணு ஆற விட்டாங்க, ஏன்னா அந்த மருந்து போட்ட பிறகு பல் பிடுங்கினா தாடையெலும்பு ஆறாம அழுகிப்போக வாய்ப்பு இருக்கு. வெத்தில பொயிலைய அன்னைக்கோட விட்டாரு. விட்டேன்னு சொன்னாரு.

முதல் தடவ வாசல்லயே நின்னோம்

சிகிச்சையில ரெண்டாவது சைக்கிள் (சுத்து) நடக்கும்போது எங்களுக்கு தகவல் வந்து போனோம். மருமக கதவ பாதி திறந்து வச்சுக்கிட்டு கல்ஃப்ல இருக்குற வீட்டுக்காரருக்கு வீடியோ கால் போட்டு எங்ககிட்ட தந்தாங்க. "நீங்க கடைசி நேரத்துக்கு வாற ஆளுங்கல்லா சிஸ்டர், எங்க அப்பாக்கு ட்ரீட்மென்ட் நடந்துக்கிட்டு இருக்கு, இப்ப எதுக்கு வந்திய?" கோவமா கேக்கல, பயந்து கேட்டாரு. பாலியேட்டிவ்னா சாவுக்கு முன்னாடி வாறவங்கன்னு ஒரு எண்ணம் நம்ம ஊர்ல ஊறிப்போச்சு. வலி, மலச்சிக்கல், தூக்கம், சாப்பாடு இதயெல்லாம் பாக்கத்தான் வந்தோம், ஊசி பாட்டுக்கு நடக்கட்டும்னு சொல்லி சமாதானம் பண்ணினேன். உடனே அடுத்த கண்டிஷன் போட்டாரு, அப்பாகிட்ட கேன்சர்னு ஒரு வார்த்தை வரப்பிடாது, ரத்தக்குறைவுன்னு சொல்லி வச்சிருக்கோம்.

சரின்னு உள்ள போனேன். பாட்டா திண்ணையில சுவத்தப் பாத்து இருந்தாரு. மருமக காப்பி போட அடுக்களைக்கு போனதும் குரல தாழ்த்தி எங்கிட்ட சொன்னது இது: "ஆஸ்பத்திரி வாசல்ல போர்டு இருக்கு. எனக்கு மலையாளம் வாயிக்கத் தெரியும் மக்களே." 1956 நவம்பர்லதான் குமரி தமிழ்நாட்டோட சேந்தது, அதுக்கு முன்னாடி இவரு கொஞ்ச நாள் மலையாளப் பள்ளிக்கூடத்துல இருந்திருக்காரு. வீட்டுல மத்த யாருக்கும் அந்த எழுத்து தெரியாது. எல்லாரும் சேந்து ரகசியம் காத்துக்கிட்டிருந்தது அதத் தெரிஞ்ச ஒரே ஆள்கிட்ட. அவரும் மகன் வெப்றாளப்படக் கூடாதேன்னு தெரியாத மாதிரியே இருந்திருக்காரு. மூணு வாரம் கழிச்சு மகன்கிட்ட பாட்டாவே போன்ல பேசி முடிச்சாரு, நான் பக்கத்துல சும்மா இருந்தேன், அவ்வளவுதான் என் வேலை. அதுக்குப் பிறகுதான் அவர்கிட்ட நேரா கேக்க முடிஞ்சுது: பாட்டா, இந்த வைத்தியத்துல உங்களுக்கு என்ன ஆகணும்? மரம் வெட்டப் போக முடியாதுன்னு அவருக்கே தெரியும். காலையில கவலை (ஜங்ஷன்) டீக்கடை வரை நடந்து போயி பேப்பர் பாக்கணும், யாரும் கையப் பிடிக்கப்பிடாது. வீட்டுல இருந்து ஒரு முன்னூறு மீட்டர் இருக்கும், நடுவுல ஒரு ஏத்தம்.

முதல் நாள் பாத்த கணக்கு

திண்ணையில நாலு மீட்டர் அளந்து ரெண்டு பக்கமும் சாக்பீஸ்ல கோடு போட்டு வழக்கமா நடக்குற மாதிரி நடக்கச் சொன்னேன், 8 செகண்ட் ஆச்சு, அதாவது செகண்டுக்கு அரை மீட்டர். நாற்காலியில அஞ்சு தடவ எந்திரிச்சு இருக்கச் சொன்னா கைய ஊனித்தான் முடிஞ்சுது. எடை 46 கிலோ, ஆறு மாசத்துக்கு முன்னாடி ரேஷன் கடை தராசுல 53ன்னு அவருக்கே நினைவு இருந்தது. படுத்திருக்கும்போது பிபி 136, எந்திரிச்சு ரெண்டு நிமிஷத்துல 108, தலை சுத்துதான்னு கேட்டா "லேசா, அது வயசுக்கு உள்ளது"ன்னாரு. நினைவு தெளிவு, மறதி டெஸ்ட்டுல மூணு வார்த்தையும் திருப்பிச் சொன்னாரு, கடிகாரம் வரைஞ்சாரு. மனசு மட்டும் சரியில்ல.

இதென்ன பெரிய டெஸ்டான்னு சிலருக்குத் தோணும். 75 வயசு தாண்டின ரத்தப் புத்துநோய்க்காரங்களோட நடைய மட்டும் அளந்து பாத்த ஒரு ஆய்வு 2019ல வந்தது, செகண்டுக்கு பத்து சென்டிமீட்டர் நடை குறைஞ்சாலே ஆயுசு குறையுற வாய்ப்பும் ஆஸ்பத்திரியில போயி படுக்குற வாய்ப்பும் கூடிக்கிட்டே போகுதுன்னு அதுல தெரிஞ்சுது. 2021ல லான்செட்ல வந்த இன்னொண்ணு 70 தாண்டின முற்றின புத்துநோய்க்காரங்க எழுநூறு பேருக்கு மேல வச்சு செஞ்சது. நடை, சாப்பாடு, மாத்திரை, மனசு, வீட்டு நிலவரம் இதயெல்லாம் பாத்து ஒரு பேப்பர்ல எழுதி டாக்டர் கைல கொடுத்த குரூப்ல கடுமையான பக்கவிளைவு 51 சதவீதம், கொடுக்காத குரூப்ல 71. கீழ விழுறதும் குறைஞ்சிருக்கு, உயிர் பொழைக்குற கணக்குல பெரிய வித்தியாசம் ஒண்ணும் வரல. அதுல மைலோமா கிடையாது, லிம்போமாவும் (நிணநீர்ப் புத்துநோய்) கட்டி வகையும்தான். ஆனா 76 வயசு உடம்பு உடம்புதான, எந்த புத்துநோயா இருந்தா என்ன. டாக்டர் கைல ஒரு பேப்பர் கூட இருந்துச்சு, அந்த குரூப்ல ஆரம்பத்துலயே டோஸ குறைச்சுக் கொடுத்ததும் கூடுதல். நானும் அந்த மாதிரி ஒரு பக்கம் எழுதி மருமக கைல கொடுத்து விட்டேன், ஃபைலுக்கு மேல பின் அடிச்சு.

பாட்டியும் மாத்திரையும்

பழைய பிஸ்கட் டின் ஒண்ணுல மாத்திரை எல்லாம் கிடந்தது. தரையில கொட்டினோம். பதினாலு வகை. பிபிக்கு ஒரே அம்லோடிபின் ரெண்டு கம்பெனி பேர்ல, ரெண்டு இடத்து சீட்டுல வந்தது, ரெண்டையும் காலையில தின்னுக்கிட்டு இருந்தாரு. வயித்துக்கு உள்ள கேஸ் மாத்திரையும் அதே மாதிரி ரெண்டு. முன்னாடி வாங்கின வலி மாத்திரை அட்டை பாதி பாக்கி, "ரெம்ப வலிச்சா ஒண்ணு போடுவேன்." இருக்க வேண்டிய அசைக்ளோவிர் அட்டைய மட்டும் காணோம், பத்து நாளா இல்ல. கோர்ஸ் முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டாங்க, சாதாரண அக்கிக்கு ஒரு வாரம்தான கொடுப்பாங்க. போர்டெசோமிப் போடுற காலம் முழுக்க அது வேணும்.

பாட்டிக்கு எழுதப் படிக்க வராது. மருமக வேலைக்குப் போறதால மாத்திரை எடுத்துக் கொடுக்குறது பாட்டிதான், அதனாலதான் எல்லாம் குழம்புதுன்னு மருமகளுக்கு ஒரு எண்ணம். ஆனா பாட்டி முப்பது வருஷம் அண்டியாபீஸ்ல (முந்திரி ஆலை) இருந்தவங்க. முழுசு, பாதி, பொடி, கருத்ததுன்னு பருப்ப கண்ணாலயும் விரலாலயும் தரம் பிரிச்ச கை, அந்த எண்ணெய்க் கறை இன்னும் விரல் இடுக்குல இருக்கு. நான் ஒவ்வொரு மாத்திரையா காட்டி இது பிபி, இது ஆஸ்பிரின்னு சொல்லச் சொல்ல அவங்க முறத்துல தனித்தனி குவியலா போட்டுக்கிட்டே வந்தாங்க. ஒரு தடவதான் சொன்னேன். அடுத்த வாரம் போயி கலைச்சுப் போட்டு கேட்டேன், பெயர் தெரியாது, ஆனா "இது காலத்தது, இது அந்திக்குள்ளது, இது புதன் மட்டும்"னு பிசகாம பிரிச்சுட்டாங்க. டெக்ஸா 4 மில்லிகிராம் மாத்திரை அஞ்சு, வாரம் ஒரே நாள். வாரத்துக்கு உள்ளத தினமும் தின்னுட்டா பெரிய ஆபத்து, அந்தத் தப்பு நடக்குறதும் உண்டு. பாட்டி அந்த அட்டைய மட்டும் சிவப்பு நூல்ல சுத்தி சாமி படத்துக்குப் பின்னாடி வச்சுட்டாங்க. புதன் காலையில காப்பி குடிச்ச பிறகுதான் அது வெளிய வரும். டாக்டர்கிட்ட கேட்டு பதினால பத்தாக்கினோம், வலி மாத்திரைய நானே கைல எடுத்துட்டு வந்துட்டேன்.

புரோட்டீன்னா பயம்

46 கிலோ ஆனதுக்கு நோய் மட்டும் காரணம் இல்லன்னு மூணாவது விசிட்ல தெரிஞ்சுது. காலேஜ் படிக்கிற பேரன் ரிப்போர்ட்ல எம் புரோட்டீன் அதிகம்னு பாத்துட்டு, அப்ப புரோட்டீன் உள்ளதெல்லாம் நிறுத்தணும்னு வீட்டுல சொல்லிட்டான். மீன் போச்சு, முட்டை போச்சு, பயறு போச்சு. மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவிச்சது, கஞ்சி, காந்தாரி மிளகு சம்மந்தி. சாளையும் அயலையும் வாசல்ல கூவி வித்துட்டு போற ஊர்ல, ரத்தப் புத்துநோய்க்கு மருந்து எடுக்குற 76 வயசு ஆளு ரெண்டு மாசமா வெறும் மாவுச்சத்துல இருந்திருக்காரு. பையன் மேல கோவப்பட்டு என்ன செய்ய, பாட்டாவ காப்பாத்தணும்னு நினைச்சு செஞ்சது. எம் புரோட்டீன் அந்த கெட்ட செல் செய்யுறது, மீன்ல இருந்து வாறது இல்ல, மீன் தின்னா அது ஏறாது, தின்னலன்னா அது குறையாது, தசைதான் கரையும்னு அவனுக்கே வரைஞ்சு காட்டினேன். டயட்டீஷியன்கிட்ட கேட்டு கிட்னிய மனசுல வச்சு கிலோவுக்கு ஒரு கிராம்னு ஆரம்பிச்சோம். நல்லா வெந்த முட்டை ரெண்டு, நூறு கிராம் மீன், ஒரு பிடி சிறுபயறு, ஒரு கிளாஸ் பால், இதுலயே 45 கிராம் பக்கம் வந்துரும். மரச்சீனிய நிறுத்தச் சொல்லல, மீன் இல்லாம தின்ன வேண்டாம்னு மட்டும் சொன்னேன், அதுக்கு பாட்டா முதல் தடவையா சிரிச்சாரு, மீன் இல்லாம எவன்டே மரச்சீனி தின்னுவான்னு.

பழஞ்சி (பழைய கஞ்சி) குடிக்கலாமான்னு கேட்டாங்க. ரத்த அணு குறைஞ்ச நேரத்துல வேண்டாம், மத்தபடி பழத்தையும் பச்சையையும் எல்லாம் ஒதுக்கி வைக்குற கடும் பத்தியத்தால தொற்று குறையுதுன்னு நிரூபிக்கப்படல, அன்னைக்கு சமைச்சத சூடா, கை கழுவி, கொதிச்சாறின வெள்ளம் (தண்ணி), தோலுரிச்சுத் தின்னுற மட்டிப்பழம், அது போதும். பேரன் ஆன்லைன்ல வாங்கி வச்சிருந்த கிரீன் டீய மட்டும் அலமாரியில இருந்து எடுக்க வச்சேன். அதுல உள்ள ஒரு பொருள் போர்டெசோமிப்போட ஒட்டிக்கிட்டு மருந்த வேலை செய்ய விடாம தடுக்குதுன்னு ஆய்வகத்துல பாத்திருக்காங்க. கருப்பட்டி காப்பி சுகர ஏத்தாதுன்னு நினைக்கிறவங்களுக்கு, கருப்பட்டியும் சுகர்தான், அது தனிச் சண்டை, அத இங்க விடுவோம்.

சுகர் பத்தி சொல்லும்போது இன்னொண்ணு. வெறும் வயித்து சுகர் எப்பவும் 110, 120ன்னு வந்ததால எல்லாரும் நிம்மதியா இருந்தாங்க. ஆனா புதன் சாயங்காலம் பாட்டா செம்பு செம்பா வெள்ளம் குடிக்குறாரு, ராத்திரி பூரா ஓடுறாருன்னு பாட்டி சொன்னதும் மிஷின எடுத்துட்டு சாயந்திரம் அஞ்சு மணிக்கு போனேன், 386. காலையில போட்ட டெக்ஸா மத்தியானத்துக்குப் பிறகுதான் சுகர தூக்கும், மறுநாள் வெறும் வயித்துல பாத்தா நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். புதனும் வியாழனும் சாயந்திரம் பாக்கணும்னு நோட்டுல எழுதி டாக்டருக்கு அனுப்பினதும் அந்த ரெண்டு நாளுக்கு மட்டும் மருந்து மாத்தி தந்தாங்க.

நான் விட்ட தப்பு

முதல் நாளே பாட்டா "காலு எரியுது"ன்னு சொன்னாரு. நோட்டுல என் கையெழுத்துல இருக்கு: சுகர் நியூரோபதி (சுகர்னால நரம்பு கெடுறது), பழையது. எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். பன்னெண்டு வருஷ சுகர்காரருக்கு கால் எரியாம இருக்குமான்னு நினைச்சேன், முதுகு வலிய "பால்வெட்டு வலி"ன்னு நினைச்ச அந்த கிளினிக்குக்கும் எனக்கும் அந்த இடத்துல என்ன வித்தியாசம்.

மூணாவது சைக்கிள்ல ஒரு காலம்பற போனப்போ கிணத்தடியில இருந்து முத்தத்துக்கு நடந்து வந்தாரு. வலது கால்ல செருப்பு இருக்கு, இடது கால்ல இல்ல. பின்னால திரும்பிப் பாத்தா கிணத்தடி ஈரத்துல வார் மேல்நோக்கி கிடக்கு. "பாட்டா, செருப்பு?"ன்னேன். குனிஞ்சு பாத்தாரு, கால பாத்தாரு, பிறகு என்ன பாத்தாரு. அவருக்கு நிஜமாவே தெரியல. சுமார் இருபது அடி ஒத்தச் செருப்போட நடந்து வந்திருக்காரு, அந்த வழில வெட்டுக்கல்லு சில்லு சில்லா கிடக்கும். பாதத்த திருப்பினா குதிகால் பக்கம் ஒரு வெட்டு, ரெண்டு நாளாவது ஆயிருக்கும், சுத்தி சிவந்திருக்கு, வலியே இல்ல. கண்ண மூடச் சொல்லி பஞ்சால தொட்டேன், கணுக்காலுக்கு மேல நாலு விரக்கடை வரை ஒண்ணும் தெரியல. சட்டை பொத்தான பாட்டி போட்டு விடுறதா அன்னைக்குத்தான் சொன்னாங்க, விரலும் மரத்துப் போயிருக்கு.

போர்டெசோமிப் நரம்பக் கெடுக்கும்னு எனக்குத் தெரியும், ஏற்கெனவே சுகர்னால கெட்ட நரம்பா இருந்தா சீக்கிரம் கெடுக்கும்னும் தெரியும். தெரிஞ்சும் கேக்கல. அவரும் சொல்லல, ஏன்னு கேட்டப்போ, "சொன்னா ஊசிய நிறுத்திருவாவ." ஆஸ்பத்திரிக்கு அன்னைக்கே போன் போட்டேன். ஒரு வாரம் ஊசி நிறுத்தி வச்சு, பிறகு சதுர மீட்டருக்கு 1.3 மில்லிகிராம்னு இருந்தத 1.0 ஆக்கினாங்க. சரியான நேரத்துல குறைச்சா மருந்து தொடரும், முழுசா கெட்ட பிறகு நிறுத்தத்தான் முடியும், இத அவருக்கு புரிய வச்ச பிறகு மறைக்கல. அதுக்கப்புறம் ஒவ்வொரு விசிட்டுலயும் முதல் வேலை சட்டைப் பொத்தான் ஒண்ண கழட்டி மாட்டச் சொல்றது, நேரம் பாத்து எழுதுறது. செருப்பு மாத்தி பின்வார் உள்ள சாண்டல் வாங்கினாங்க, பாட்டி தினமும் ராத்திரி பாதத்த டார்ச் அடிச்சு பாப்பாங்க.

ராத்திரி விஷயம்

கக்கூஸ் வீட்டுக்கு வெளிய, ரெண்டு படி இறங்கணும். ப்ராஸ்டேட் மாத்திரை, பிபி மாத்திரை, போர்டெசோமிப் மூணும் எந்திரிக்கும்போது பிபிய இறக்கும், கால்ல உணர்வு இல்ல, இருட்டு, மழை, பாசி. விழாம இருந்தது ஆச்சரியம்தான். முள்ளெலும்பு ஏற்கெனவே ரெண்டு போன ஆளு விழுந்தா அதுக்குப் பிறகு சிகிச்சைய பத்தி பேச ஒண்ணும் இல்ல. ராத்திரி போகணுமேன்னு பகல்லயே வெள்ளம் குடிக்குறத குறைச்சிருந்தாரு, மைலோமால கிட்னிக்கு அது நேர் எதிரி, மலச்சிக்கல் வேற. நாலு நாளா வயிறு போகாம முக்கினதுல ஒரு தடவ மயங்கியிருக்காரு.

ஒரு லிட்டர் பாட்டில் ரெண்டு, சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள காலி ஆகணும், அது பேரன் பொறுப்பு. மலமிளக்கி தினமும், வேணும்னா மட்டும்னு இல்ல. அம்லோடிபின் ஒண்ணானதும் தலைசுத்து பாதி குறைஞ்சுது. கட்டில்ல இருந்து எந்திரிக்கும்போது நூறு எண்ணிட்டு எந்திரிக்கணும். யூரின் கேன் வைக்கலாம்னு சொன்னேன், முகத்த திருப்பிக்கிட்டாரு. மருமக காலையில அத எடுத்துக் கொட்டுறத அவரால நினைக்கவே முடியல, 76 வயசுல அந்த மானம் ஒரு சின்ன விஷயம் இல்ல. கடைசில மூடி போட்ட கேன், கட்டிலுக்கு அடியில, அவரே விடியறதுக்கு முன்னாடி எடுத்துட்டுப் போயி கொட்டி கழுவி வைப்பாரு, யாரும் கேக்கக்கூடாது, பாக்கக்கூடாதுன்னு ஒரு ஒப்பந்தம். பல்பு ஒண்ணு திண்ணையில ராத்திரி பூரா எரியும்.

உடற்பயிற்சி பெருசா ஒண்ணும் இல்ல. நாற்காலியில இருந்து எந்திரிச்சு இருக்குறது, சுவத்துல கை வச்சு குதிகால் தூக்குறது, திண்ணையில நடை, காலையும் அந்தியும். முன்னால குனியக் கூடாது, முறுக்கக் கூடாது, கிணத்துல வெள்ளம் கோரவே கூடாது. கோரினாரு, ரெண்டு தடவ பிடிச்சேன்.

அஞ்சாவது சைக்கிள்

ஐப்பசி மழை. ராத்திரி பதினொரு மணிக்கு பேரன் போன், பாட்டாக்கு குளிருது, தெர்மாமீட்டர்ல 101. இந்த ஒரு விஷயத்த மட்டும் முதல் நாள்ல இருந்து கிளிப்பிள்ளை மாதிரி சொல்லி வச்சிருந்தேன்: 100.4 தாண்டினா பாராசிட்டமால் போட்டு விடியுற வரை பாக்குற வேலை கிடையாது, அந்த நேரமே கிளம்பணும். டெக்ஸா எடுக்குற நாள்ல காய்ச்சல் மறைஞ்சு கிடக்கவும் செய்யும், அதனால குளிரு, மூச்சு வாங்குறது, திடீர்னு பேச்சு மாறுறது, இதும் காய்ச்சல் கணக்குதான். ஆட்டோக்கார அண்ணன் நம்பர் சுவத்துல எழுதி இருந்தது. ஒரு மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரி. நிமோனியா, கிருமிய எதிர்க்குற வெள்ளையணு நியூட்ரோஃபில் வெறும் 700. ஆறு நாள் படுக்க வச்சு ஆன்டிபயாடிக் போட்டாங்க, ரெண்டு வாரம் ஊசி தள்ளிப்போச்சு. நிமோனியாவத் தடுக்குற நிமோகாக்கல் தடுப்பூசி போடணும்னு நோட்டுல ரெண்டாம் மாசமே எழுதியிருக்கேன், போடல, விலைய கேட்டு தள்ளித் தள்ளி போனது. அது என் பட்டியல்ல ரெண்டாவது தப்பு.

உயிர் தப்பிச்சு வந்தாரு, ஆனா நடை போச்சு. ஆறு நாள் கட்டில்ல கிடந்ததுல நாலு மீட்டருக்கு பத்து செகண்ட், முதல் நாள விட மோசம். நாற்காலியில இருந்து பேரன் தூக்கி விடணும். மூணு மாசம் ஒவ்வொரு அரை செகண்டா சேத்தது ஒரு வாரத்துல கரைஞ்சுது, சின்ன வயசுக்காரனுக்கு ஆறு நாள் ஒண்ணுமே இல்ல. ஆஸ்பத்திரியிலயே ரெண்டாம் நாள்ல இருந்து கட்டில்ல இருந்து இறக்கி நாலு எட்டு நடக்க வைங்கன்னு பேரன்கிட்ட சொல்லியிருக்கலாம். மறுபடி திண்ணை, மறுபடி சாக்பீஸ் கோடு. இந்தத் தடவ பாட்டாவுக்கு மனசு வரல, "போதும் மக்களே"ன்னு ஒரு வாரம் சொன்னாரு. நான் ஒண்ணும் அறிவுரை சொல்லல. பக்கத்து வீட்டுப் பையன் புதுசா பால்வெட்டு படிக்கிறவன், கத்தி தீட்ட வரலன்னு வந்து இருந்தான், பாட்டா நாற்காலிய விட்டு எந்திரிச்சு அவன் கைல இருந்து கத்திய வாங்கினாரு, விரலுக்கு உணர்வு இல்லாததால கண்ண வச்சே பதம் பாத்தாரு. அன்னைக்கு சாயந்திரம் அவரே கேட்டாரு, கோடு அழிஞ்சு போச்சே, போடலியான்னு.

இப்ப ஏழாவது மாசம். எம் புரோட்டீன் பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு, ஹீமோகுளோபின் 10.4, க்ரியாட்டினின் 1.3, எடை 49. நாலு மீட்டர் ஆறு செகண்ட். கால் மரமரப்பு போகல, கணுக்கால் வரை இறங்கியிருக்கு, அவ்வளவுதான், பொத்தான் போட ஒரு நிமிஷம் ஆகுது. தடுப்பூசி போட்டாச்சு. டீக்கடைக்கு போறாரு, ஏத்தத்துல ஒரு இடத்துல மதில்ல கை வச்சு நிப்பாரு, கைப்பிடிக்க யாரையும் விடல, பேரன் அம்பது அடி பின்னால போன் பாக்குற மாதிரி நடந்து வருவான். மகன் சித்திரைக்கு லீவுல வாறாரு.

போன வாரம் நான் எல்லாம் எழுதி முடிச்சு பைய மூடும்போது பாட்டி சேலைய முட்டுக்கு மேல தூக்கிக் காட்டினாங்க. "ஏழு மாசமா வாறியே, எனக்க முட்ட ஒண்ணு பாரு பிள்ளே." ரெண்டு முட்டும் வீங்கியிருக்கு. ராத்திரி பாட்டா எந்திரிக்கும்போதெல்லாம் கூடவே எந்திரிச்சு முழிச்சுக்கிட்டே இருந்திருக்காங்க, கேன கேக்கக்கூடாது பாக்கக்கூடாதுங்கிற ஒப்பந்தம் இருக்குறதால கண்ண மூடிக்கிட்டு முழிச்சிருந்திருக்காங்க. பிபி பாத்தேன், 168க்கு 96. இதுவரை யாரும் பாத்ததில்லையாம். பையத் திறந்து இன்னொரு நாப்பது பக்க நோட்ட எடுத்தேன், சாக்பீஸயும்.